வாழ்த்துகள், உங்களிடம் யூனிஸ் இல்லை

ஆற்காட்டு நவாப் ஆக ஆசைப்பட்ட சந்தா சாகிப், தனக்குத் தோள்கொடுத்த பிரெஞ்சுக்காரர்களுக்கு 1749-ல் வில்லியனூரையும் பாகூரையும் எழுதிக் கொடுத்தார். 1752-ல் அவருடைய தலை போயிற்று. எழுதிக் கொடுத்தது மட்டும் நின்றுவிட்டது. 1783-ல் வெர்சாயில் பிரெஞ்சு ராஜாவின் ஆட்களும் இங்கிலீஷ் ராஜாவின் ஆட்களும் சமாதானம் பேசியபோது, பாண்டிச்சேரியோடு இந்த இரண்டு வட்டாரத்தையும் சேர்த்து வாங்கித் தருவதாக இங்கிலீஷ் ராஜா ஒப்புக்கொண்டார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் இதுதான். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த துரைமார்களில் ஒருத்தருக்காவது பாகூர் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? சந்தேகம்தான்.

அந்தப் புண்ணியத்தை பாகூர் கொம்யூனின் ஓரத்தில் உள்ள எங்கள் கரையாம்புத்தூர் இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் சுற்றினால் தமிழ்நாடு வரும், பாண்டி வரும், மறுபடி தமிழ்நாடு வரும். எதில் இருக்கிறோம் என்பதைப் பெட்ரோல் பங்க் விலையையும் ஒயின்ஷாப் கூட்டத்தையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியா என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் ஓட்டுப் போட்டார்கள். நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் மூட்டை கட்டியது. சந்தா சாகிப் போட்ட எல்லைக் கோட்டை அழிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இது போதாது என்று, 1881-ல் வந்த ஆணைப்படி சொந்த வழக்கத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை எடுத்துக்கொண்டவர்களின் வாரிசுகளுக்குள் சொத்துத் தகராறு வந்தால், புதுச்சேரி கோர்ட்டில் நெப்போலியனை எழுப்பிக் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு ஜிசிசி கம்பைலரைக் கட்டமைப்பது பெரிய வித்தையே இல்லை. அங்கேயும் இதே கதைதான். செத்தவர்கள் போட்ட கோடு, இருப்பவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை.

விஷயம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றும் மென்பொருள். அந்தக் கம்பைலரும் ஒரு நிரல்தான், அதையும் யாராவது கம்பைல் பண்ணியாக வேண்டும். அது தனியாளாகவும் வராது. அசெம்பிளர், லிங்கர், சி லைப்ரரி என்று பரிவாரத்தோடு வரும். மொத்தத்துக்கும் பெயர் டூல்செயின். சி லைப்ரரியைக் கட்டக் கம்பைலர் வேண்டும். கம்பைலர் முழுசாக முடிய சி லைப்ரரி வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். இந்த முடிச்சுக்குப் பெரியவர்கள் சொன்ன பரிகாரம்: முதலில் அரைகுறைக் கம்பைலர் ஒன்றைக் கட்டு, அதை வைத்து லைப்ரரியைக் கட்டு, அந்த லைப்ரரியை வைத்து அதே கம்பைலரை மறுபடியும் முழுசாகக் கட்டு. நடுவில் மின்சாரம் போனால் உன் தலையெழுத்து.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் ஆதிபாவம் 1976-ல் நடந்தது. பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்ற நல்ல மனிதர் 'மேக்' என்ற கருவியை எழுதினார். எந்த ஃபைல் மாறியிருக்கிறதோ அதை மட்டும் திரும்பக் கம்பைல் பண்ணும் கருவி. அற்புதமான யோசனை. ஆனால் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதியை வைத்துவிட்டார். ஸ்பேஸை எட்டுத் தடவை தட்டினால் செல்லாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மேக் மட்டும் கண்டுபிடித்துக் காறித் துப்பும். விதி சரியில்லை என்பது மனிதருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதை உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்கள், பெரும்பாலும் சிநேகிதர்கள். அவர்கள் ஃபைலையெல்லாம் கெடுப்பானேன் என்று அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருடைய ஒரு மத்தியானத்தை மிச்சம் பிடித்ததற்காக, அதற்குப் பிறகு பிறந்த அத்தனை புரோகிராமரும் டேப்புக்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2003-ல் ஏசிஎம் அமைப்பு மேக்குக்காக அவருக்கு விருது கொடுத்தது. நியாயமான விருதுதான். பாராட்டுப் பத்திரத்தில் டேப்பைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எண்பதுகளில் யுனிக்ஸ் என்ற இயங்குதளக் குடும்பத்தில் பாகப்பிரிவினை. பெர்க்லி வகையறா ஒரு பக்கம், ஏடி அண்ட் டி வகையறா மறுபக்கம். ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தைத் தேடுகிற சின்ன வேலை இருக்கிறதே, அதற்குப் பெர்க்லி வீட்டில் 'இன்டெக்ஸ்' என்று பெயர், ஏடி அண்ட் டி வீட்டில் 'எஸ்டிஆர்-சிஎச்ஆர்'. அங்கே 'ஸ்ட்ரிங்ஸ்.எச்' ஃபைலைக் கேட்க வேண்டும். இங்கே 'எஸ்' இல்லாத 'ஸ்ட்ரிங்.எச்'. ஓர் எழுத்துக்காகப் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்களை நாம் பார்க்காததா? சன், எச்பி, டிஇசி, ஐபிஎம் என்று ஆளாளுக்கு ஒரு யுனிக்ஸ் வைத்துக்கொண்டு, பங்காளி வீட்டுப் புரோகிராம் நம் வீட்டில் ஓடக் கூடாது என்பதை ஒரு கௌரவமாகவே நினைத்தார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தர் லாரி வால். பின்னாளில் பெர்ல் மொழியை உண்டாக்கியவர். 1984 வாக்கில் ஆர்என் என்ற செய்தி வாசிப்பு நிரலை எழுதினார். அதை எந்த யுனிக்ஸில் நிறுவினாலும் ஓட வேண்டும் என்பதற்காக, முதலில் மெஷினை விசாரித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும் 'கன்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்டையும் கூட வைத்தார். அது வாயாடி ஸ்கிரிப்ட். கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்கும், நடுநடுவே கிண்டல் பண்ணும். அந்தக் காலத்தில் யூனிஸ் என்று ஒன்று இருந்தது. வாக்ஸ் மெஷினின் விஎம்எஸ் இயங்குதளத்தின் மேல் யுனிக்ஸ் வேஷம் கட்டி ஆடிய மென்பொருள். அதில் ஓடவில்லை என்று தெரிந்தால் அவர் பின்னால் பெர்லோடும் வைத்த கன்ஃபிகர் ஸ்கிரிப்ட், யூனிஸ் இல்லை, வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். யூனிஸ் செத்துச் சுடுகாடு போய்ச் சேர்ந்த பிறகும் பல வருஷம் பெர்லைக் கட்டிய ஒவ்வொருத்தருக்கும் இந்த வாழ்த்து கிடைத்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த வாழ்த்துகளில் இவ்வளவு சுலபமாகச் சம்பாதித்தது வேறு எதுவும் இல்லை.

1991 ஜூனில் டேவிட் மெக்கன்சி வந்தார். ஜிஎன்யு திட்டத்தின் சின்னச் சின்னக் கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு யுனிக்ஸுக்கும் தகுந்தபடி மேக்ஃபைலில் இருபது வாக்கில் விருப்பங்களை ஆட்கள் கையால் திருத்த வேண்டியிருந்தது. யாருக்கும் சரியாகத் திருத்தத் தெரியாது. அதிலும் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் பல கணினிகளில் சோதிக்க வேண்டியிருந்த அவருக்குத்தான் பெரிய தொல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விசாரணை ஸ்கிரிப்டைத் தானே எழுதித் தரும் ஒரு கருவியைச் செய்தார். அதுதான் ஆட்டோகான்ஃப். அதன் கையேட்டில் கருவியின் வரலாற்றுக்கு ஒரு பகுதி ஒதுக்கி, விவிலியத்தின் முதல் ஐந்து புத்தகங்களின் பெயரையே அதன் தலைப்புகளாக வைத்திருக்கிறார்கள். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம் என்று வரிசையாக. அடக்கம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பாலைவனத்தில் அலைந்தது என்னவோ உண்மை.

ஸ்கிரிப்டை உற்பத்தி செய்ய அவர் பிடித்துக்கொண்ட மொழி எம்4. 1977-ல் கெர்னிகனும் ரிட்சியும் செய்த மேக்ரோ இயந்திரம். எம்4-ல் எழுதியதை, எழுதிய ஆளே அடுத்த வாரம் படித்தால் புரியாது. நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் ஜிசிசி மூலத்துக்குள் போய் ஏதாவது ஒரு '.எம்4' ஃபைலைத் திறந்து பார்க்கலாம். நாலாவது வரியில் மூடிவிடுவார்கள். எல்லாரும் மூடிவிடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருத்தன் இதை வைத்துப் பெரிய வேலை பண்ணப் போகிறான்.

எம்4 வழியாகப் பிறக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் பல ஆயிரம் வரி நீளும். ஓடவிட்டுத் திரையைப் பாருங்கள். முதலில் உன் சூழல் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று கேட்கும். நிஜமாகவே கேட்கும், புதிதாக ஒரு ஃபைலை உண்டாக்கி, அதன் தேதி பழைய ஃபைலுக்குப் பின்னால் வருகிறதா என்று பார்க்கும். கடிகாரம் தப்பான கணினி அங்கேயே தோற்றுவிடும். பிறகு 'ஸ்டட்லிப்.எச்' இருக்கிறதா என்று கேட்கும். அந்த ஃபைலை 1989-லேயே சி மொழித் தரத்தில் சேர்த்துவிட்டார்கள், இல்லாத கணினியை இன்றைக்கு மியூசியத்தில்தான் தேட வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டு, 'யெஸ்' என்று பதில் வந்ததும் திருப்தியோடு அடுத்த கேள்வி. 'ஸ்ட்ரிங்ஸ்.எச்' இருக்கிறதா? பாகப்பிரிவினை முடிந்து பங்காளிகள் ராசியாகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கேட்கும். இது மினிக்ஸ் என்ற இயங்குதளமா? இது இன்னொரு கேள்வி. கட்டளை வரி எவ்வளவு நீளம் போகலாம்? இதற்குப் பெரும்பாலும் 1572864 என்று ஒரு பதில் வரும். இந்த எண்ணால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டால் அதைக் கேட்கவைத்த லிப்டூல் என்ற கருவி கோபித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகும், அடுத்த சாமானைக் கட்டும்போது இதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கும்.

சரி, அநாவசியக் கேள்விகளை எடுத்துவிட வேண்டியதுதானே? எடுக்கலாம். ஆனால் எங்கேயோ ஒரு மூலையில், எந்த ஆபீஸின் மாடிப்படிக்குக் கீழேயோ, அந்தக் கேள்வியை நம்பி ஒரு பழைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தால்? ஃபெல்ட்மனின் அந்தப் பன்னிரண்டு சிநேகிதர்களை யாராலும் பகைத்துக்கொள்ள முடியாது. ஆட்டோகான்ஃபின் 2.69 பதிப்பு 2012-ல் வந்தது, அடுத்த 2.70 வெளிவர 2020 டிசம்பர் ஆயிற்று. அத்தனை ஜாக்கிரதை.

இனி மூன்று ஊர் விவகாரம். 1989-ல் மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹென்கெல்-வாலஸ் என்ற மூன்று பேர் 6000 டாலர் முதல் போட்டு கலிஃபோர்னியாவில் சிக்னஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். இலவச மென்பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தருவது தொழில். ஊர் சிரித்தது. பத்து வருஷம் கழித்து ரெட்ஹாட், சுமார் 67 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அதை வாங்கியபோது சிரிப்பு நின்றது. சிக்னஸிடம் வந்தவர்களில் பலர் புதுசு புதுசாகச் சிப் செய்கிறவர்கள். சிப் வரும், அதில் கம்பைலர் ஓட்ட நினைவகமும் இருக்காது, டிஸ்க்கும் இருக்காது. ஆகவே வேறு ஒரு கணினியில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சிப்புக்கான நிரலைக் கம்பைல் பண்ண வேண்டும். அதற்குப் பெயர் கிராஸ் கம்பைலர்.

இங்கேதான் பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்ற மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். படித்துப் படித்துக் குழம்புகிறவர்களுக்கு எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். ஒருத்தர் பிறந்தது தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில். குடியிருப்பு, ரேஷன் கார்டு எல்லாம் புதுச்சேரியில். உழைத்தது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக. கம்பைலர் பிறக்கிற மெஷின் பில்ட், குடியிருந்து ஓடுகிற மெஷின் ஹோஸ்ட், யாருக்காக அது உழைத்து நிரல் செய்து கொடுக்கிறதோ அது டார்கெட். மூன்றும் ஒன்றாக இருந்தால் சாதாரணக் கம்பைலர். டார்கெட் மட்டும் வேறென்றால் கிராஸ். மூன்றும் மூன்று ஊரென்றால் அதற்கு 'கனேடியன் கிராஸ்' என்று பெயர். கனடாவுக்கும் கம்பைலருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைப் பற்றி விவாதம் நடந்த காலத்தில் கனடாவில் தேசியக் கட்சிகள் மூன்று இருந்தன, அவ்வளவுதான் காரணம். பாகூர் கொம்யூன்காரன் ஒருத்தன் அந்த அறையில் இருந்திருந்தால் பெயர் வேறாக இருந்திருக்கும்.

மெஷினின் ஊர் பேரை எழுதுவதற்கும் முறை இருக்கிறது: பிராசஸர், தயாரிப்பாளர், இயங்குதளம். 'எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-ஜிஎன்யு' என்பது போல. இதற்கு 'டிரிப்லெட்' என்று பெயர் வைத்துவிட்டு நாலு துண்டு எழுதுகிறார்கள், அதை நாம் கேட்கக் கூடாது. நாலாவது துண்டான 'ஜிஎன்யு' வந்ததும் சண்டையில்தான். எல்லாரும் லினக்ஸ் லினக்ஸ் என்கிறார்களே, நாங்கள் எழுதிய ஜிஎன்யு என்ன ஆயிற்று என்று ஜிஎன்யு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு ஆதங்கம். 1996-ல் வந்த ஈமாக்ஸ் எடிட்டரின் 19.31 பதிப்பில் 'லிக்னக்ஸ்' என்று இரண்டு பெயரையும் பிசைந்து வைத்தார்கள். ஊரே கைகொட்டிச் சிரித்ததும் 'லினக்ஸ்-ஜிஎன்யு' என்று பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனதற்கு நடக்கிற அதே பஞ்சாயத்து.

கிராஸ் என்று முடிவு செய்தவுடன் கன்ஃபிகருக்கு ஒரு சங்கடம் வருகிறது. சின்னச் சின்ன நிரல்களைக் கம்பைல் பண்ணி, ஓட்டிப் பார்த்துத்தான் அது பல கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிக்கும். வேறு மெஷினுக்கான நிரலை இங்கே எப்படி ஓட்டுவது? ஓட்ட முடியாததால் ஊகிக்கும், அதுவும் கெட்டதாகவே ஊகிக்கும். பிரசித்தி பெற்ற உதாரணம் 'மாலாக்'. நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன். பூஜ்யம் பைட் கேட்டால் மாலாக் ஏதாவது தருமா, கை விரிக்குமா என்று ஸ்கிரிப்ட் அறிய விரும்புகிறது. பூஜ்யம் பைட் யாருக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். ஓட்டிப் பார்க்க வழியில்லாததால், பழைய பதிப்புகள் இந்த மாலாக் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லி, நிரல் முழுக்க 'மாலாக்' என்று இருப்பதையெல்லாம் 'ஆர்பிஎல்_மாலாக்' என்று மாற்றிவிடும். மாற்று மாலாக்கை நிரலை எழுதியவர் தந்திருப்பார் என்று நம்பிக்கை. அவர் தந்திருக்க மாட்டார், அப்படி ஒன்று தர வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் கம்பைல் ஆகிக் கடைசிப் படியில் லிங்கர் வந்து 'ஆர்பிஎல்_மாலாக்' யார், எங்கே என்று கேட்டுப் படுத்துவிடும். தீர்வு, கன்ஃபிகரை அழைப்பதற்கு முன்பே பதிலை நாமே எழுதிக் கொடுத்துவிடுவது: 'ஏசி_சிவி_ஃபங்க்_மாலாக்_0_நான்நல்=யெஸ்'. காலேஜ் புராஜெக்டுக்காகச் சின்ன போர்டுகளோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் இதை அர்த்தம் தெரியாமலே மந்திரம்போல ஒப்பிப்பார்கள். வேலை செய்யும்.

இன்னொரு வேடிக்கை, சாதாரண நிரலைக் கட்டும்போது 'டார்கெட்' என்று கொடுத்தால் கன்ஃபிகர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். ஒன்றும் செய்யாது. டார்கெட் என்பது கம்பைலர் மாதிரி நிரல் உற்பத்தி செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள சமாசாரம், மற்றவர்களுக்கு 'ஹோஸ்ட்'தான். சொல்லித் தொலைத்திருக்கலாம். மனுவை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும் என்று நினைப்பது நம் தப்பு.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. ஐஐடி மெட்ராஸில் வி. காமகோடி குழு செய்த சக்தி பிராசஸர், பெர்க்லியில் 2010-ல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பைப் பின்பற்றுவது. 2018-ல் அதன் ஒரு சிப் அமெரிக்காவின் ஒரிகானில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் உருவானது, இன்னொன்று சண்டிகர் பக்கம் உள்ள எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில். வடிவம் சென்னை, வார்ப்பு வேறு ஊர். இதற்கு நிரல் எழுதுகிறவர் தன் சாதா லேப்டாப்பில் உட்கார்ந்து கிராஸ் கம்பைல் பண்ணுகிறார். அந்தக் கம்பைலரின் முழுப் பெயர் 'ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்-ஜிசிசி'. தயாரிப்பாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'அன்நோன்'. அடையாறில் விலாசத்தோடு இருக்கிற, பத்திரிகையில் படம் வந்த சிப்பு, கன்ஃபிகர் பதிவேட்டில் மட்டும் ஊர் பேர் தெரியாத ஆசாமி. இதில் சக்திக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் பாதி மெஷின் அங்கே 'அன்நோன்'தான்.

எம்4 ஃபைலை யாரும் படிப்பதில்லை என்று முன்பே சொன்னேனே, அதைக் கவனித்த ஆசாமி இப்போது வருகிறான். எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் உண்டு. அதில் ஜியா டான் என்ற பெயரில் ஒருத்தன் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, பராமரிப்பாளர் பொறுப்பையும் வாங்கிக்கொண்டான். 2024 பிப்ரவரியில் வெளியிட்ட 5.6.0 பதிப்பில் திருட்டுக் கதவு ஒன்றை வைத்தான். எங்கே ஒளித்தான்? சோதனைக்காக வைத்திருக்கும் ஃபைல்களுக்குள் பாதி. அதைத் திறக்கும் சாவி, 'பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4' என்ற ஃபைலில். பில்ட் ஊர்ப் பாதையை ஹோஸ்ட் ஊர்ப் பாதையாக மாற்றித் தரும் நிஜமான ஜிஎன்யு மேக்ரோவின் பெயர் அது. அதில் சில வரியைச் சேர்த்துவிட்டான். அதுவும் எல்லாரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை, இறக்கிக்கொள்ளும் பொட்டலத்தில் மட்டும். கன்ஃபிகர் சமாசாரமெல்லாம் எப்போதும் பொட்டலத்தில் மட்டும்தானே சேரும் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மாட்டிக்கொண்டது எப்படி? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் புரோகிராமர் வேறு ஏதோ வேகத்தை அளந்துகொண்டிருந்தார். வேறு கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவது உறுத்தியது. அரை விநாடி! நம் ஊரில் பஸ் அரை நாள் தாமதமானாலும் ஏன் என்று கேட்க மாட்டோம். அவர் நோண்டிக்கொண்டே எக்ஸ்இசட் வரை போய் மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

அந்தத் திருட்டு ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்தால், அவனும் முதலில் விசாரணைதான் நடத்தியிருக்கிறான். பிராசஸர் எக்ஸ்86_64-தானா, கடைசியில் லினக்ஸ்-ஜிஎன்யு என்று முடிகிறதா, கம்பைலர் ஜிசிசியா, லிங்கர் ஜிஎன்யு வீட்டுப் பிள்ளையா, டெபியன் பொட்டலமோ ஆர்பிஎம் பொட்டலமோ கட்டுகிறார்களா என்று வரிசையாக. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவான். இவ்வளவு சாமர்த்தியம் உள்ளவன் ஊர் பேரை எந்த மாறியில் பார்த்தான் தெரியுமா? கதவு ஓடப் போவது ஹோஸ்டில். அவன் பார்த்தது பில்டை.